1,050 சதுர அடியா 850-ஆ? ரங்கூன்ல காண்டோ பிளான் பாக்குறவங்களுக்கு

தங்கச்சி கேட்டது சுருக்கமா இதுதான். ரங்கூன்ல தாமுவே பக்கம் ஒரு காண்டோ, அதாவது பெரிய அடுக்குமாடி கட்டடத்துல ஒரு வீடு, 1,050 சதுர அடி, ரெண்டு பெட்ரூம். யாங்கின்ல இன்னொண்ணு, 850 சதுர அடி, அதுவும் ரெண்டு பெட்ரூம்தான். மொத்த விலை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. வீட்ல நீங்க, மாப்ள, ரெண்டு பிள்ளைங்க, மாமியார்னு அஞ்சு பேர். ஒரே காசுக்கு 200 சதுர அடி கூட கிடைக்கும்போது சின்னத எவனாவது வாங்குவானான்னு மாப்ள கேக்குறாரு, ஆனா பெரிய பிளான பாத்தா உங்களுக்கு என்னமோ மனசு ஒப்பல, என்னன்னு சொல்லவும் தெரியல, பிளான் நல்லதா கெட்டதான்னு எத வச்சு பாக்குறதுன்னு கேட்டீங்க.

உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. நான் ரங்கூன்ல வீட்டு உள்வேலை எடுத்து செய்றவன், பார்ட்டிஷன், கிச்சன், அலமாரி இதுதான் பொழப்பு, அதனால ஒரு பிளான் கைக்கு வந்தா சதுர அடிய நான் கடைசியாத்தான் பாப்பேன். முதல்ல பிளான ரெண்டு காப்பி ஜெராக்ஸ் எடுத்து கலர் பென்சில்ல அடிப்பேன். சாமான் நிக்கிற இடம் ஒரு கலர், ஆள் நடக்கிற இடம் ஒரு கலர், சாமானும் வைக்க முடியாம நடக்கவும் தேவப்படாம சும்மா கெடக்குற இடம் மூணாவது கலர். வீட்டுக்குள்ள நடக்கத்தான் வேணும், அத ஒழிக்க முடியாது, ஆனா நடக்கிறதுக்குன்னே தனியா ஒதுக்குன இடம் எவ்வளவு, ஹால்ல சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவுல போற மாதிரி வேற வேலையோட சேந்து வர்ற நடை எவ்வளவுங்கறதுலதான் நல்ல பிளானும் கெட்ட பிளானும் பிரியுது.

அதுக்கு முன்னாடி 1,050-ங்கற நம்பர் என்னன்னு கேட்டு வச்சுக்கோங்க. அது வெளிச்சுவரோட சேத்த அளவா, லிஃப்ட், படிக்கட்டு, பொது நடையோட பங்கையும் சேத்த அளவா, இல்ல உள்ள சுவத்துல இருந்து சுவர் வரைக்கும் உள்ள அளவா? கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஒரு கணக்கு சொல்றேன், 25-க்கு 50 அடி வீடுன்னா பேப்பர்ல 1,250 சதுர அடி. நாலு பக்கமும் ஒம்பது அங்குல செங்கல் சுவர் உங்க கணக்குல வந்தா உள்ள 23 அரைக்கு 48 அரைதான், 1,140 சதுர அடி, 110 சதுர அடி சுவத்துக்கே போச்சு. உள்ள போடுற நாலரை அங்குல சுவரு ஒரு அறுபது அடி நீளம் வந்தா இன்னொரு 22 போச்சு. அதனால ரெண்டு கம்பெனிகிட்டயும் ஒவ்வொரு ரூமோட உள்ளளவு போட்ட பிளான கேளுங்க, தரமாட்டேன்னா நீங்களே டேப்போட போயி அளந்துருங்க.

இப்ப நடை. நம்ம ஊர்ல இத புரிஞ்சுக்க மொகல் தெரு பக்கம் ஒரு பழைய மாடி வீட்டுக்குள்ள போனா போதும், ரயில் பெட்டி மாதிரி பன்னெண்டரை அடி அகலம், அம்பது அடி நீளம், ஹால் டைப்புன்னு வித்து வாங்குனவங்களே தட்டி வச்சு மறைச்சுக்குவாங்க. அதுல சுவர் போக உள்ள 11 அடி. பின்னாடி கிச்சனுக்கு போக மூணடி நடை விட்டே ஆகணும், நடுவுல நாலரை அங்குல சுவர், மிச்சம் ஏழரை அடிதான் ரூமு. அஞ்சடி கட்டில போட்டா பக்கத்துல ரெண்டரை அடி, அவ்வளவுதான், பீரோவ கால்மாட்டுலதான் வைக்கணும். அந்த மூணடி நடை முப்பது அடி ஓடுனா 90 சதுர அடி, 625-ல ஏழுல ஒரு பங்கு. ஜன்னல் வேற முன்னாடியும் பின்னாடியும் மட்டும்தான், நடு ரூமுக்கு பகல்லயே லைட்டு போடணும், காத்து போகட்டும்னு நாங்க தட்டிய கூரைக்கு ரெண்டடி கீழயே நிறுத்திருவோம். அங்க குத்தம் பிளான் போட்டவன் மேல இல்ல, மனை அப்படி. ஆனா காலி நெலத்துல புதுசா கட்டுற காண்டோவுலயும் அதே நீட்டு நடைய போட்டு வைக்கிறாங்க பாருங்க, அதுக்குத்தான் எனக்கு கோவம் வரும்.

உங்க தாமுவே பிளான்ல நான் பென்சில் அடிச்சு பாத்தது இது. வாசக்கதவ திறந்ததும் ஆறுக்கு ஏழுல ஒரு முன்னறை, 42 சதுர அடி, அதுல செருப்பு அலமாரி ஒண்ணு வைக்கலாம், மத்தபடி ஒண்ணும் கிடையாது. அங்க இருந்து மூணரை அடி அகலத்துல 24 அடி நடை, 84 சதுர அடி. முன்னாடி வீட்டு அகலம் முழுக்க மூணடி பால்கனி, 25 அடி நீளம், 75 சதுர அடி. மூணும் சேந்து 201. வேலைக்காரப் பொண்ணுக்குன்னு ஜன்னலே இல்லாத அஞ்சுக்கு ஏழு ரூமு ஒண்ணு, அதுக்கு ஒரு குட்டி கக்கூசு, அது ஒரு 47. உங்க வீட்ல தங்கி வேலை செய்ற ஆள் கிடையாதுன்னு சொன்னீங்க. ஆக 1,050-ல 248 போயி 802. யாங்கின் பிளான்ல இதே மாதிரி கழிச்சு பாத்தா அம்பதுக்கு மேல தேறல, அதுலயும் 20 செருப்பு கழட்டுற இடம், அது வேணும்தான், காரிடார்ல செருப்பு போடக்கூடாதுன்னு காண்டோக்காரங்க சட்டம் பேசுவாங்க. 850-ல 800. அதாவது ரெண்டு வீடும் ஒண்ணுதான். ஒண்ணுல மட்டும் இன்னும் 200 சதுர அடிக்கு டைல்ஸ் துடைக்கணும், பெயின்ட் அடிக்கணும், மாசாமாசம் சதுர அடிக்கு இவ்வளவுன்னு மெயின்டனன்ஸ் கட்டணும். மாப்ளைக்கு இந்த ஒரு கணக்க காட்டுங்க.

யாங்கின் பிளான்ல நடை ஏன் இல்லன்னா ஹால நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்ரூம வச்சிருக்கான். ஹால் வழியாத்தான் எல்லா ரூமுக்கும் போறோம், ஹாலே நடையாவும் ஆயிருது. ரெண்டு பெட்ரூமுக்கும் பொதுச்சுவர் இல்லாததால ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்கு கேக்காது. ஆனா இதுலயும் ஒரு பொறி இருக்கு, ஹால்ல எத்தன கதவு, அது எங்கெங்க இருக்குன்னு பாக்கணும். தாமுவே ஹால பாருங்க, 13-க்கு 15, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நடை ஒரு மூலையில வந்து சேருது, பால்கனி கதவு எதிர் மூலையில, கிச்சன் கதவு பக்கச் சுவர் நடுவுல. ஆள் குறுக்க கோணலா நடப்பாங்க, ஏழடி சோபாவ சேத்து வைக்க ஒரு முழுச்சுவர் கிடையாது, கடைசியில சோபா ரூமு நடுவுல மிதக்கும், டிவிக்கு முன்னாடி எல்லாரும் போய் வந்துட்டு இருப்பாங்க. ஹாலுக்கு நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, கதவோ ஜன்னலோ தூணோ வெட்டாத பத்தடி சுவர் ரெண்டு நேருக்கு நேரா இருக்கா. இருந்தா 11 அடி அகல ஹாலே போதும்.

கதவப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், யாரும் கவனிக்காத விஷயம். பெட்ரூம் கதவ பத்தடி சுவருக்கு நட்ட நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் மூணே முக்கா அடி மிஞ்சும், அதுல கட்டிலும் வராது, பீரோ வந்தா கதவு இடிக்கும். அதே கதவ மூலைக்கு தள்ளி, கீல் பக்கம் மட்டும் ரெண்டடி ரெண்டங்குலம் விட்டு வச்சா கதவு திறந்து நிக்கிற எடத்துக்கு பின்னாலேயே ரெண்டடி ஆழ அலமாரிய சுவர் நீளத்துக்கும் அடிச்சிரலாம். ஒரு செங்கல் கூட செலவில்லாம ஒரு முழு அலமாரி. அந்த ரெண்டங்குலம் அலமாரிக் கதவோட கைப்பிடிக்கும் கதவுச் சட்டத்துக்கும். இத பிளான்லயே யோசிச்சு வச்சிருக்கானா இல்லையான்னு பாத்தாலே போட்டவன் வீட்ல குடியிருந்து பாத்தவனா, இல்ல கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டவனான்னு தெரிஞ்சிரும்.

பெட்ரூமுக்கு பெரிய கணக்கு தேவையில்ல. கட்டில் அஞ்சடிக்கு ஆறரை, ரெண்டு பக்கமும் ஆள் ஏறி எறங்க ரெண்டடி, ஆக ஒம்பதடி அகலம். நீளத்துக்கு கட்டில் ஆறரை, கால்மாட்டுல நடக்க ரெண்டடி, அலமாரி ரெண்டடி, பத்தரை. பத்துக்கு பத்தரை உள்ளளவு இருந்தா ஒரு ஜோடிக்கு சௌகரியம், பன்னெண்டுக்கு பதினாறு குடுத்தா மிச்ச எடத்துல துணி மூட்டைதான் கெடக்கும். உங்களுக்கு கவலை ரெண்டாவது ரூம் தானே, மாமியாரும் ரெண்டு பிள்ளைங்களும். யாங்கின்ல அது ஒம்பதரைக்கு பத்து. ஒரு சுவத்துல மூணடி அகல அடுக்குக்கட்டில் பிள்ளைங்களுக்கு, எதிர் சுவத்துல மூணடி கட்டில் மாமியாருக்கு, நடுவுல மூணரை அடி இருக்கும். நீளத்துல கட்டில் ஆறரை போக மூணரை மிச்சம், அதுல ரெண்டடி அலமாரி. வந்திரும். நெருக்கம்தான், பிள்ளைங்க பெருசானா ஹால்ல படிக்க மேசை போட்டாகணும்.

பாத்ரூம் அஞ்சுக்கு எட்டு போதும், கக்கூசு, வாஷ்பேசின், குளிக்கிற எடம் மூணும் ஒரே வரிசையில, ஈரம் கடைசியில. கதவ திறந்தா பேசின்ல இடிக்குதான்னு மட்டும் பாருங்க. ரெண்டு பாத்ரூமும் கிச்சனும் முதுகோட முதுகு ஒட்டி ஒரே குழாய் ஷாஃப்ட்ட பங்கு போட்டா இடமும் மிச்சம், பின்னால ஒழுகுனா ஒரே எடத்துல பாத்தா போதும்.

கிச்சன்லதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறது. 1926-ல ஜெர்மனியில மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கின்னு ஒரு அம்மா பிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புங்களுக்கு ஒரு கிச்சன் போட்டாங்க, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம்ம கணக்குல ஆறேகாலுக்கு பதினொண்ணு. சமைக்கிறவங்க எத்தன எட்டு வைக்கிறாங்க, எதுக்கப்புறம் எத எடுக்குறாங்கன்னு பாத்து பாத்து வச்சது, இன்னைக்கு காண்டோவுல இருக்குற கட்டிமுடிச்ச கிச்சனுக்கெல்லாம் அதுதான் பாட்டி. அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது என்னன்னா அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூணும் ரெண்டு மூணு எட்டுக்குள்ள வரணும், நடுவுல யாரும் குறுக்க போகக்கூடாது. எட்டடி அகலம் இருந்தா ரெண்டு பக்கமும் ரெண்டடி மேடை, நடுவுல நாலடி, ரெண்டு பேர் முதுகு இடிக்காம வேலை செய்யலாம். நாலடிக்கு மேல போனா ஒவ்வொண்ணுக்கும் நடக்கணும். எல் மாதிரி வளைச்சா மூலையில ரெண்டுக்கு ரெண்டு அடி கையெட்டாத எடம் உருவாகும், யூ மாதிரி வளைச்சா ரெண்டு மூலை.

ஆனா பேப்பர்ல நல்லா இருக்குற கிச்சன் நம்ம வீட்டுக்கு ஆகுமாங்கறது வேற. படத்துல அழகா திறந்த கிச்சன் காட்டுவான், சோபா வரைக்கும் ஒரே வெளி, இடம் பெருசா தெரியும், உண்மைதான், ஒரு சுவரும் ஒரு கதவும் மிச்சம். ஆனா மிளகாய் கிள்ளிப்போட்டு தாளிச்சாலோ, ஙப்பி (பர்மாக்காரங்க உப்புல ஊற வைக்கிற மீன் விழுது) வறுத்தாலோ சாயங்காலம் வரைக்கும் மெத்தைத் துணியெல்லாம் அதே வாசம். வெளிய ஜன்னலோ சர்வீஸ் பால்கனியோ இல்லாத திறந்த கிச்சன நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அப்புறம் 24 பியீ (பர்மா படி) அரிசி மூட்டை எங்க நிக்கும், 20 லிட்டர் தண்ணி கேன் நாலு எங்க நிக்கும், கிரைண்டர் எங்க, வெங்காயக் கூடை எங்க? இதுக்கெல்லாம் படத்துல எடமே இருக்காது, குடி வந்தப்புறம் எல்லாம் ஹால் ஓரத்துக்கு வந்து சேரும், அப்ப வீடு சின்னதாயிருச்சுன்னு பொலம்புவோம். யாங்கின் பிளான்ல கிச்சனுக்கு பின்னாடி நாலுக்கு எட்டுல சர்வீஸ் பால்கனி இருக்கு பாருங்க, அந்த 32 சதுர அடி தாமுவேயோட 75 சதுர அடி முன்பால்கனிய விட பெறுமானம். மூணடி பால்கனியில கைப்பிடிச் சுவர் போக ரெண்டரை அடிதான், நாற்காலி போட்டா முட்டி இடிக்கும், வேடிக்கை மட்டும் நின்னு பாக்கலாம். நாலடி ஆழம் இருந்தா வாஷிங் மெஷின் வச்சு முன்னாடி நிக்கலாம், மே கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும் மழை விடாம ஊத்துற ஊர்ல துணி காயப்போட கூரை உள்ள எடம் வேணும், ஏசி அவுட்டோர் யூனிட் அங்கயே நிக்கும். கரன்டு போறது நமக்கு புதுசா என்ன, இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைக்க ரெண்டுக்கு மூணு அடி காத்தோட்டமான எடம் வேணும், கரன்டு இல்லன்னா மோட்டாரும் ஓடாதுன்னு தண்ணி பிடிச்சு வைக்க ஒரு டிரம். இதெல்லாம் பிளான்ல முன்கூட்டியே எடம் பாத்து வச்சுக்கணும்.

வெளிச்சம். ஜன்னலோட மேல் விளிம்பு தரையில இருந்து ஏழடின்னா அதுல ரெண்டு, ரெண்டரை மடங்கு ஆழம் வரைக்கும்தான் பகல் வெளிச்சம் உருப்படியா வரும், 14-ல இருந்து 17 அடி. அதுக்கு உள்ள தள்ளி இருக்கிற எடத்த அலமாரிக்கும் பாத்ரூமுக்கும் விட்டா சரி, பெட்ரூமுக்கு விட்டா தப்பு. யாங்கின் ஹால் 22 அடி ஆழம், உள்பக்கம் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், ஆனா அங்கதான் சாப்பாட்டு மேசை, கிச்சன் பக்கத்து ஜன்னல்ல இருந்தும் கொஞ்சம் வரும், சமாளிச்சுக்கலாம்.

தூண் எங்க இருக்குன்னும் பாருங்க, விளம்பரப் படத்துல தூணே இருக்காது. ஒன்றரை அடி தூண் ஒரு ரூம் சுவர் நடுவுல பிதுங்கி நின்னா அந்த சுவர் முழுக்க ஒன்றரை அடி போனதாத்தான் அர்த்தம், ஏன்னா அலமாரிய தூண் மட்டத்துக்கு இழுத்துத்தான் அடிக்கணும். மூலையிலயோ அலமாரி வரிசைக்குள்ளயோ மறைஞ்சு நின்னா நஷ்டமில்ல. வாங்கிட்டு அப்புறம் சுவர இடிச்சு மாத்திக்கலாம்னு மாப்ள சொன்னா வேணாம்னு சொல்லுங்க. 2025 மார்ச் 28-ல மாந்தலை, சகாயிங் பக்கம் 7.7 அளவுல பூகம்பம் வந்து எத்தன கட்டடம் சரிஞ்சுதுன்னு எல்லாரும் பாத்தோம். தூண், பீம், லிஃப்ட்ட சுத்தி இருக்குற கான்கிரீட் சுவர் இதுல கைய வைக்கவே கூடாது, நாலரை அங்குல செங்கல் பார்ட்டிஷனா இருந்தாலும் இஞ்சினியர் பாத்து எழுதிக் குடுத்தப்புறம்தான் தொடணும். இடிச்சு சரிபண்ண வேண்டிய பிளான்னா அந்த செலவையும் விலையோட சேத்துக்கோங்க.

கட்டடத்தையும் ஒரு பார்வை. ஒரு மாடியில ரெண்டே வீடு, ரெண்டு லிஃப்ட்டுன்னா கேக்க கௌரவமா இருக்கும், ஆனா லிஃப்ட், படி, பொது நடைன்னு உங்க தலையில விழுற பங்கு கூடும். பிரான்ஸ்ல மார்செய் ஊர்ல 1952-ல முடிச்ச, லெ கொர்புசியேங்கற ஆர்க்கிடெக்ட்டோட பெரிய குடியிருப்புல வீடுங்கள ரெண்டு மாடியா கோத்து வச்சு பொது நடைய மூணு மாடிக்கு ஒண்ணா குறைச்சான், அந்த மாதிரி மெனக்கெடல் இங்க யாரும் பண்றதில்ல. 2016 காண்டோமினியம் சட்டப்படி காண்டோன்னு பதிய குறைஞ்சது ஆறு மாடி வேணும், நெலத்துக்கும் ஒரு அளவு இருக்கு, போர்டுல காண்டோன்னு எழுதுன எல்லாமே அதுக்குள்ள வராது, உங்க பேர்ல என்ன எழுதித் தர்றாங்கன்னு அதையும் வக்கீல வச்சு பாத்துக்கோங்க.

மாமியாருக்கு சாமி ரூம் வேணும்னு கேட்டிருந்தீங்க. தனி ரூமுக்கு எங்க போறது. நம்ம ஊர் பிளான்ல புத்தர் வைக்க ஹால்ல ஒரு மாடம் விட்டிருப்பாங்க, யாங்கின்லயும் இருக்கு, நாலடி அகலம் ஒன்றரை அடி ஆழம், அதுக்கு ரெண்டு கதவு போட்டு கீழ எண்ணெய், திரி, கற்பூரம் வைக்க ஒரு டிராயர் அடிச்சா முருகனுக்கு அது போதும். பின்பக்கம் பாத்ரூம் சுவரான்னு மட்டும் பாத்தேன், இல்ல, பெட்ரூம் அலமாரிதான், அதனால வீட்ல சண்டை வராது.

தாமுவே வீடு யாருக்கும் ஆகாதுன்னு நான் சொல்லல. வீட்ல இருந்தே போன்ல பேசி வேலை பாக்குறவங்க ரெண்டு பேர், தங்கி வேலை செய்ற ஆள் ஒண்ணு, விருந்தாளி நிறைய வர்ற வீடுன்னா அந்த நடை ஹால் சத்தத்த தடுக்கும், முன்னறையில வந்தவங்கள உக்கார வச்சு பேசி அனுப்பலாம். யாங்கின்ல ராத்திரி ஹால்ல டிவி ஓடுனா ரெண்டு ரூமுக்கும் கேக்கும், அது அந்த பிளான்ல உள்ள கொறைதான். உங்க அஞ்சு பேருக்கு நான் யாங்கின்னுதான் சொல்லுவேன், ஒரே ஒரு திருத்தத்தோட. ரெண்டாவது பெட்ரூம் கதவ சுவர் நடுவுல காட்டியிருக்கான். அப்படியே விட்டா மேல சொன்ன அலமாரி உள்ள வராது. அந்த மாடிக்கு இன்னும் செங்கல் வைக்கலன்னு சொன்னீங்க, அப்ப ஹால் மூலைப் பக்கமா ஒன்றரை அடி தள்ளி, கீல் பக்கம் ரெண்டடி ரெண்டங்குலம் விடச் சொல்லுங்க, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே திருத்துன பிளான்ல கம்பெனி கையெழுத்தும் வாங்கிருங்க.